வாய் தவறியது

முதலமைச்சர் பரிதிவாணனை ஊர் "சொல்லரசர்" என்று அழைத்தது சும்மா இல்லை. முப்பது வருடம் மேடையில் நின்ற மனிதர். ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அது எந்தச் சந்து வழியாகப் போய் எங்கே முடியும் என்று எதிரில் இருப்பவனுக்குப் பிடிபடாது. பேச்சு எப்படி முடியும் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும். வலது கையை உயர்த்தி, "நம்மால் முடியும்" என்பார். கூட்டம் அதைத் திருப்பிச் சொல்லும். எழுபத்து மூன்று வயதிலும் அவர் பேச்சில் ஒரு தடுமாற்றத்தை யாரும் கண்டதில்லை. யாரும் கண்டுவிடாமல் பார்த்துக்கொள்ள நேர்கோடு தொலைக்காட்சியில் ஒரு மொழி மேசை இருந்தது. அந்த மேசைக்குத் தலைவி பூங்கோதை.

கோடைக் கூட்டங்களில் ஆட்கள் சுருண்டு விழுந்து சாகத் தொடங்கியதும் திறந்தவெளிக் கூட்டங்களுக்கு அரசு தடை போட்டிருந்தது. தலைவர்கள் குளிர்ந்த அறையில் உட்கார்ந்து பேசுவார்கள். ஊர் ஊராக மண்டபங்களில் கட்டிய திரைகளில் மக்கள் பார்ப்பார்கள். திரைக்கூட்டம் என்று அதற்குப் பெயர். முதல்வரின் திரைக்கூட்டத்தைப் படம்பிடித்து மற்ற எல்லாச் சேனல்களுக்கும் கொடுக்கும் பொறுப்பு நேர்கோடு தொலைக்காட்சியிடம் இருந்தது. அறையில் அவர் பேசுவதற்கும் திரையில் அது வருவதற்கும் நடுவே ஒன்பது விநாடி. அந்த ஒன்பது விநாடிக்குள் சீர் தன் வேலையை முடித்துவிடும்.

சீர் ஒரு மென்பொருள். பேச்சை அவர் குரலிலேயே, அவர் உதட்டசைவோடு திருத்திக் கொடுக்கும். "பேச்சுக்குச் சீர் செஞ்சு மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பியாச்சா?" என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள். முதலில் இருமலையும் மைக் உறுமலையும் மட்டும்தான் எடுத்தது. பிறகு "அது வந்து, அது வந்து" என்று இழுப்பதை எடுத்தது. பிறகு அமைச்சர் பெயரை மாற்றிச் சொன்னால் சரிசெய்தது. இதில் பொய் என்ன இருக்கிறது? தொலைக்காட்சிக்கு வருவதற்கு முன் பூங்கோதை பன்னிரண்டு வருடம் நாளிதழில் இருந்தவள். தலைவர் ஆயிரத்தைக் கோடி என்று உளறினாலும் மறுநாள் அச்சில் சரியாகத்தான் வரும். பேசியவரின் தவறை அப்படியே அச்சேற்றுவது அநாகரிகம் என்பது அந்தத் தொழிலில் எழுதாத சட்டம். அதையே அவள் ஒரு இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுத்தாள், அவ்வளவுதான்.

ஆறு மாதம் உட்கார்ந்து நாற்பதாயிரம் திருத்தங்களைக் கையால் செய்து காட்டி அதைப் பழக்கினாள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்தில் காரணத்தைச் சுருக்கமாகப் போட வேண்டும். "இ.பி." என்றால் இலக்கணப் பிழை. "பெ.மா." என்றால் பெயர் மாறியது. "வா.த." என்றால் வாய் தவறியது. சீர் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. நல்ல மாணவன், சொன்னதற்கு மேலேயே செய்தது.

முதல் வருடம் ஒரு மணி நேரப் பேச்சுக்குப் பதினோரு திருத்தம் செய்துகொண்டிருந்த சீர், இப்போது நானூறு செய்தது. அந்த எண்ணிக்கை சுவரில் ஒரு திரையில் ஓடிக்கொண்டே இருக்கும். மொத்தம் ஒரு லட்சத்தைத் தாண்டிய நாளில் மேசையில் லட்டு கொடுத்தார்கள். பதினோரு பேர் லட்டு தின்றார்கள். எண்ணிக்கை ஏன் ஏறுகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். பரிமாறுகிறவரும் சாப்பிடுகிறவரும் சேர்ந்து மனம் வைத்தால் மறைக்கலாம்.

தேர்தலுக்கு ஐந்து வாரம் இருக்கும்போது திண்டுக்கல்லிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் சூசைமாணிக்கம், தையல்காரர்.

"அம்மா, நானும் என் கூட்டாளிகள் பதினான்கு பேரும் காது கேளாதவர்கள். உங்கள் சேனலில் மூலையில் நின்று கையால் பேசும் பெண்ணை வைத்துத்தான் முதல்வர் ஐயா பேச்சைப் புரிந்துகொள்வோம். முன்பு இருந்த பெண் சொன்னபோது ஐயா பாவம், மறதியாக இருந்தார். பதவியை விட்டுப் போகிறேன் என்று நான்கு தடவை சொன்னார். அந்தப் பெண்ணை எடுத்துவிட்டு வேறு பெண்ணைப் போட்டபின் நன்றாகப் பேசுகிறார். ஐயாவுக்குக் குணமானதில் எங்களுக்கு மகிழ்ச்சி. ஆனால் விலகுவதாகச் சொன்னது என்ன ஆயிற்று என்று தெரிவிக்கவும்."

இந்த மாதிரிக் கடிதம் இது மூன்றாவது. முதல் இரண்டிலும், கீழே ஓடும் எழுத்து ஒன்று சொல்கிறது, அந்தப் பெண்ணின் கை வேறு சொல்கிறது என்று புகார் செய்திருந்தார்கள். பூங்கோதை இரண்டுக்கும் பதில் போட்டிருந்தாள். ஒளிபரப்பான பேச்சை எடுத்தாள், கீழே ஓடிய எழுத்தோடு ஒப்பிட்டாள், இரண்டும் அச்சுப் பிசகாமல் ஒத்துப்போயின. ஆகவே கையால் பேசிய ஜெபக்கனி என்ற பெண்தான் தவறு என்று முடிவு கட்டினாள். "அடிக்கடிப் பிழை செய்கிறார்" என்று ஒரு குறிப்பு எழுதி மேலே அனுப்பினாள். மூன்றே சொல். ஜெபக்கனியை நிறுத்திவிட்டார்கள். புதிதாக வந்தவர் ஜெபக்கனியைப்போல் முதல்வர் அறையில் நிற்கவில்லை. நிலையத்திலேயே திரையைப் பார்த்துக் கையசைத்தார். அதாவது சீர் கொடுத்ததைப் பார்த்து.

மூலப்பதிவைப் பார்க்க வேண்டும் என்று அந்த இரண்டு தடவையும் பூங்கோதைக்குத் தோன்றவில்லை. தோன்றாமல் இருந்ததா, தோன்றியும் போகவில்லையா என்பதை அவள் பிறகு பலமுறை தன்னையே கேட்டுக்கொண்டாள்.

மூலப்பதிவு தொண்ணூறு நாள்தான் இருக்கும். அதன்பின் தானாக அழிந்துவிடும். ஜெபக்கனி நின்ற கடைசித் திரைக்கூட்டம் நடந்து அன்றோடு எண்பத்தெட்டு நாள். தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனைக் கட்டடத் திறப்பு. பூங்கோதை கதவைச் சாத்திக்கொண்டு அதைப் போட்டாள்.

முதலில் நான்கு நிமிடம் செந்தமிழ் வந்தது, தட்டித் தடவி. பிறகு நின்றது. பதினான்கு விநாடி அவர் எதிரே இருந்த காகிதத்தையே பார்த்தார். பிறகு காகிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மேடையில் அவர் ஒருநாளும் பேசாத தன் ஊர்ப் பேச்சில் பேசத் தொடங்கினார்.

"இந்த ஊரு பேரு வாய்க்கு வரமாட்டேங்குதுங்க. நேத்து எம்புள்ள பேரு வரல. கோப்பக் கொண்டாந்து கையெழுத்துப் போடச் சொல்றாங்க. போடறனுங்க. என்னத்துக்குப் போட்டேன்னு தெரியிலீங்க. இப்படி ஒருத்தன் உங்களுக்கு வேண்டாமுங்க. என்னால முடியலீங்க. என்னைய உட்டுருங்க."

கையை உயர்த்தவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு யாரோ பதில் சொல்வார்கள் என்பதுபோல் காத்திருந்தார். மூலையில் சின்னதாகத் தெரிந்த ஜெபக்கனியின் கைகள் நெஞ்சுக்கு முன்னால் ஒரு கணம் அசையாமல் நின்றுவிட்டு, மெதுவாகச் சொல்லி முடித்தன.

ஒளிபரப்பானதையும் பக்கத்திலேயே போட்டாள். "இந்த ஊரின் பெயரைச் சொல்லும்போதே என் நெஞ்சம் நிறைகிறது. எத்தனை கோப்புகளில் கையெழுத்திட்டாலும் களைப்பறியேன். உங்களை விட்டு என்னைப் பிரிக்க எவராலும் இயலாது. நம்மால் முடியும்!" கை உயர்ந்தது. சீர் கையையும் உயர்த்தியிருந்தது.

அன்று ஒளிபரப்பு முடிந்ததும் மேசையின் குழுவுக்கு அவள் அனுப்பிய செய்தி இன்னும் கைபேசியில் இருந்தது. "சொல்லரசர் இன்னிக்கு அசத்திட்டார்." பூங்கோதை எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள், போதவில்லை.

ஜெபக்கனி பெரம்பூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருந்தாள். முப்பது வயதுக்காரி, பாளையங்கோட்டைப் பக்கம். அப்பா அம்மா இருவருக்கும் காது கேளாது, ஆகவே பேச்சு வருமுன்பே அவளுக்குக் கை பேசியது. பூங்கோதையைப் பார்த்ததும் யாரோ ஒருவரின் ஆதார் அட்டையை நகல் எடுத்து முடித்து, எண்ணிக் கொடுத்து அனுப்பிவிட்டுத்தான் திரும்பினாள்.

"என்ன மேடம், இவ்ளோ தூரம் வந்திருக்கிய? நகல் எடுக்கணுமா?"

"தஞ்சாவூர்ப் பேச்சோட மூலத்தைப் பாத்தேன்."

ஜெபக்கனி இயந்திரத்தின் மூடியை இறக்கினாள். "இப்பத்தான் பாத்தியளா?"

அந்த "இப்பத்தான்" பூங்கோதைக்குச் சரியாகத் தைத்தது. "நீங்க சொன்னதுதான் சரி. நான்தான் தப்பா எழுதிட்டேன்."

"நான் என்னத்தச் சொன்னேன்? அவிய சொன்னதத்தான் கையில சொன்னேன். எங்க அப்பா டிவியப் பாத்துட்டு, எழுத்து வேற மாதிரி ஓடுதுன்னு கேட்டாவ. சபேசன் சார்ட்ட விசாரிச்சேன். டெக்னிக்கல்னு சொல்லிட்டாரு." சபேசன் என்பவர் முதல்வரின் அந்தரங்கச் செயலாளர். திரைக்கூட்ட அறையில் முதல்வரையும் ஜெபக்கனியையும் தவிர இருக்கிற ஒரே ஆள். "அப்புறம் நீங்க எழுதின காயிதம் வந்துச்சு. அடிக்கடிப் பிழைன்னு. அதப் பாத்து ஆஸ்பத்திரியிலயும் கோர்ட்டுலயும் என்னையக் கூப்பிடுறத நிறுத்திட்டாவ. காது கேக்காதவன் சாட்சி சொல்லும்போது பிழை பண்ணுறவள எவன் கூப்பிடுவான்?"

ஜெபக்கனி தாள்கட்டைப் பிரித்து இயந்திரத்தில் வைத்தாள்.

"அது போவட்டும், என் பாடு. அந்தப் பெரியவர் பாடு தெரியுமா ஒங்களுக்கு? ஒவ்வொரு தடவையும் சொல்லி முடிச்சதும் சபேசன் சார்ட்ட, 'சொல்லிட்டனில்ல?'ன்னு கேப்பாவ. அவரும், 'சொல்லிட்டீங்கய்யா, மக்கள் கேட்டாங்க'ம்பாரு. அடுத்த வாரம் கட்டுக்கட்டா காயிதம் வரும். நீங்கதான் வேணும், உங்கள விடமாட்டோம்னு. அதப் படிச்சுக் காட்டுவாரு. அவிய கண்ணு நெறஞ்சிரும். 'இவ்வளவு சொல்லியும் விடமாட்டேங்கறாங்களே, எம் மறதியையும் சேத்து ஏத்துக்கிட்டாங்களே'ன்னு சொல்லுவாவ. அதுக்காவத்தான் இருந்தாவ மேடம். முடியாதுன்னு சொன்னதக் கேட்டுட்டும் சனங்க வேணுங்காங்கன்னு நெனச்சு."

"அவருக்குத் தெரியாதா, மாத்துறாங்கன்னு?"

"அவியளுக்கு யாரு சொல்லுவா? நீங்க சொன்னியளா?"

கடைக்கு ஒரு பெண் ரேஷன் அட்டையோடு வந்து நின்றாள். ஜெபக்கனி அட்டையை வாங்கிக்கொண்டு, "முன்பக்கமா, ரெண்டு பக்கமுமா?" என்று கேட்டாள்.

செய்தி ஆசிரியர் வில்வநாதன் பதறவில்லை. காபியை ஒதுக்கி வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார்.

"நாம பொய் சொல்லலை பூங்கோதை. திருத்தினோம். செய்தி மேசைன்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?"

"சார், ராஜினாமாவைத் திருத்தியிருக்கோம்."

"நாம திருத்தலை. சீர் திருத்திச்சு."

"அது நம்மளோடதுதானே?"

"ஒரு மாநிலத்துக்கே அவர்தான் முகம். நாளைக்கு இதைப் போட்டா என்ன ஆகும்? இந்த ரெண்டு வருஷமா எல்லாச் சேனல்காரனும் நம்மகிட்ட வாங்கித்தான் போட்டான். அவங்களுக்குத் தெரியாதா? கிட்டப் போய்ப் பேட்டி எடுத்தவனுக்கெல்லாம் தெரியும். முகத்தைப் பாத்தாலே தெரியும். எவனாவது எழுதினானா? எதிர்க்கட்சிச் சேனல்கூட எழுதலை. அவங்க தலைவருக்கும் சீர் தேவைப்படுது." அவர் குரலைத் தாழ்த்தினார். "நீ மட்டும் என்ன, ஊருக்கு ஒழுங்கு சொல்ல வந்துட்டியா?"

"சீர் இதை எங்கே கத்துக்கிச்சு சார்? முடியலைங்கறதை முடியும்னு மாத்த நாம எப்பவும் சொல்லித்தரலையே."

வில்வநாதன் தன் திரையை அவள் பக்கம் திருப்பி வைத்தார். அவர் இதை முன்பே தேடி எடுத்து வைத்திருக்கிறார் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

சீரைப் பழக்கிய நாற்பதாயிரம் திருத்தங்களின் பட்டியல். முப்பத்தோராயிரத்து இருநூற்றுச் சொச்சமாவது வரி. ஒரு பேச்சின் கடைசி வாக்கியம்.

சொன்னது: என்னால முடியலீங்க. திருத்தம்: நம்மால் முடியும். காரணம்: வா.த. திருத்தியவர்: பூங்கோதை.

இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி. அவளுக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. அன்று முந்நூறு வரி முடிக்க வேண்டியிருந்தது. இருநூற்று எழுபதில் இருந்தாள். இது காதில் சரியாகத்தான் விழுந்தது. முப்பது வருடமாக ஒரே சொல்லில் பேச்சை முடிக்கிறவர், வாய் தவறி வேறு சொல்லிவிட்டார் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொண்டாளா? குரல் உடைந்திருந்ததும் காதில் விழுந்ததே. குரல் உடைந்ததற்கு அந்தப் பட்டியலில் கட்டம் இல்லை. "வா.த." என்று போட்டாள், அடுத்த வரிக்குப் போனாள். அந்தத் திருத்தத்தோடுதான் பேச்சு ஒளிபரப்பானது. அவர் முதன்முதலாகச் சொன்னதே அதுதான். நான்கு தடவை இல்லை, ஐந்து தடவை சொல்லியிருக்கிறார். முதல் தடவையை அடக்கியது இயந்திரம் இல்லை.

"வெளியே போனா முதல்ல போறது உன் பேருதான்," என்றார் வில்வநாதன், கிட்டத்தட்டப் பரிவோடு. "ரெண்டு நாள் பொறு. மூலம் தானா அழிஞ்சுடும்."

அவளுக்கு அழ வேண்டும்போல் இருந்தது. அழுதால் தன்மேல் தானே இரக்கப்பட்டது ஆகிவிடும் என்று எழுந்து வந்துவிட்டாள்.

நேர்கோடு தொலைக்காட்சியில் மதியச் செய்தி முடிந்ததும் "பிழை திருத்தம்" என்று ஒரு நிமிடம் வரும். நேற்று ஊர்ப்பெயரைத் தவறாகப் போட்டோம், வருந்துகிறோம் என்கிற வகை. அதை மொழி மேசைதான் பதிவு செய்து அனுப்பும். அந்த நிமிடத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். நிலையத்தில் இருப்பவர்களே அந்த நேரத்தில்தான் டீ குடிக்கப் போவார்கள். அதற்குச் சீரும் கிடையாது. திருத்தத்தைப் போய்த் திருத்துவானேன் என்று பூங்கோதையே விலக்கி வைத்திருந்தாள்.

மறுநாள், எண்பத்தொன்பதாவது நாள், மதியம் ஒன்று இருபத்தொன்பதுக்கு அந்த நிமிடம் ஓடியது. முதலில் மூலப்பதிவு, நாற்பது விநாடி. பிறகு பூங்கோதையின் முகம்.

"முதலமைச்சர் இப்படித்தான் பேசினார். 'என்னால முடியலீங்க' என்று அவர் சொன்னதை 'நம்மால் முடியும்' என்று மாற்றி ஒளிபரப்பினோம். மாற்றச் சொல்லிக்கொடுத்தது நான், மொழி மேசைத் தலைவி பூங்கோதை. சைகை மொழிபெயர்ப்பாளர் ஜெபக்கனி சொன்னதே சரி. அவர்மேல் நான் எழுதிய குறிப்பு பொய். வருந்துகிறோம்."

அதன்பின் நடந்ததை அவள் வேறு மாதிரி எதிர்பார்த்திருந்தாள். ஊர் கொதிக்கும், கேள்வி கேட்கும் என்று நினைத்தாள். கொதித்தது, ஆனால் அவள்மேல். சொல்லரசர் கொங்குப் பேச்சில் அழுவதை யார் நம்புவார்கள்? நேற்றுவரை செந்தமிழில் முழங்கியதைக் கண்ணால் பார்த்தவர்கள் அல்லவா? குரலைப் போலி செய்துவிட்டார்கள் என்றார்கள். பெரியவரை அவமானப்படுத்திவிட்டாள் என்று நிலையத்துக்கு முன்னால் கொடும்பாவி எரித்தார்கள். நேர்கோடு மாலைச் செய்தியில், ஒளிபரப்பானது சந்தேகத்துக்குரிய பதிவு, சம்பந்தப்பட்ட ஊழியர் நீக்கப்பட்டார் என்று அறிவித்தது. இரண்டு வருடம் பொய்யை அவ்வளவு நேர்த்தியாகக் கொடுத்திருந்தார்கள், உண்மைதான் மட்டமான போலியாகத் தெரிந்தது. அதுவும் அவள் கைவேலைதான்.

மூன்றாம் நாள் காலை சபேசன் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"ஐயா அதைப் பாத்துட்டாரும்மா. எங்க யாருக்கும் தெரியாம, சமையல்காரர் ஃபோன்ல. ரெண்டு நாளா சாப்பிடலை. திருப்பித் திருப்பி அதையே போடச் சொல்றார். ஜனங்க நான் சொன்னதைக் கேக்கலையாங்கறார். நாங்க சொன்னா நம்பமாட்டேங்கறார். நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லிடுங்க, அது பொய்யின்னு. டிவில சொல்ல வேண்டாம். அவர்கிட்ட மட்டும். ஒரு வயசான மனுஷனுக்கு நிம்மதி குடுத்துட்டுப் போங்க."

பூங்கோதை போனாள். பொய் சொல்வதென்று தீர்மானித்துக்கொண்டுதான் போனாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஊர்தான் நம்பவில்லை, அந்த மனிதரையாவது ஏன் வதைக்க வேண்டும் என்று காரில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நல்ல காரணமாகத்தான் இருந்தது.

முதல்வர் சன்னல் ஓரத்தில் பிரம்பு நாற்காலியில் இருந்தார். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. திரையில் பார்த்ததைவிடச் சிறிய மனிதர். கண் மட்டும் தெளிவாக இருந்தது.

"வாம்மிணி, உக்காரு. டிவியில வந்தவ நீதான?"

"ஆமாங்கய்யா."

"நான் முடியலீங்கன்னு சொன்னது சனங்களுக்குப் போவலியா?"

சபேசன் அவருக்குப் பின்னால் நின்று அவளையே பார்த்தார். "போச்சுங்கய்யா" என்ற ஒரு சொல் போதும். வழியெல்லாம் பழகிவந்த சொல்தான். ஆனால் கேட்டவர் "முடியலீங்க" என்று ஐந்து தடவை சொல்லி, ஐந்து தடவையும் மடியில் கைவைத்துக் காத்திருந்தவர்.

"போகலைங்கய்யா."

"ஒருக்காகூடவா?"

"ஒரு தடவைகூடப் போகலை."

"அப்பறம் காயிதம் போட்டாங்களே, நீதான் வேணும்னு?"

"அவங்க கேட்டது வேற பேச்சுங்கய்யா. நீங்க பேசினது இல்லை."

அவர் அதை உள்ளே வாங்கிக்கொள்ள நேரமாயிற்று. முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. "யாரு கண்ணு மாத்துனது?"

"நான்தான்."

அவர் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவர் கோபப்பட்டு அவள் பார்த்ததில்லை. சீர் அதையெல்லாம் எடுத்துவிடும். "எம் பேச்ச மாத்த நீ யாரு? சாமி மாதிரி நம்பி இருந்தனே சனங்கள. அவங்களுக்குத் தெரியவே தெரியாதா?" சபேசன் பிடித்து உட்கார வைத்தார். பூங்கோதை தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். ஒவ்வொரு சொல்லும் அப்படியே வந்தது.

பிறகு அவர் சன்னலுக்கு வெளியே பார்த்தார். வேப்பமரத்தில் அணில் ஓடியது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். கோபம் முகத்திலிருந்து வடிந்துபோனது. திரும்பினார்.

"வாம்மிணி. எப்ப வந்த? டிவியில வந்தவ நீதான?"

சபேசன் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆமாங்கய்யா," என்றாள் பூங்கோதை.

"நான் சொன்னது சனங்களுக்குப் போவலியா?"

மறுபடி ஒவ்வொன்றாகச் சொன்னாள். போகலை. ஒரு தடவைகூடப் போகலை. "யாரு மாத்துனது?" "நான்தான்." இந்த முறை அவர் கத்தவில்லை. அழுதார். வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிள்ளையின் பெயரைத் தேடி, கிடைக்காமல் விட்டுவிட்டார்.

மூன்றாவது முறை கேட்டபோது சொல்லி முடித்ததும் அவளை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கையை நீட்டி அவள் தலையில் வைத்தார்.

"போச்சாது உடு கண்ணு. தப்பு பண்ணாதவங்க யாரு? வந்து சொன்னியே, அது போதும். போச்சாது."

போகட்டும், பரவாயில்லை என்கிறார் என்று அந்தக் கையிலிருந்தே புரிந்தது. பூங்கோதைக்கு மூன்று நாளாக அடைத்துக் கிடந்தது உடைந்தது. அவர் கைக்குக் கீழேயே அழுதாள். மன்னித்துவிட்டார், இனி எழுந்து போகலாம் என்று நினைத்தாள். சபேசனும் அப்படித்தான் நினைத்தார்போல, கதவைத் திறந்துவிட்டார்.

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாசல்வரை போயிருப்பாள்.

"ஏம்மிணி," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "டிவியில வந்தவ நீதான? நான் முடியலீங்கன்னு சொன்னனே, அது சனங்களுக்குப் போவலியா?"

சபேசன் அவசரமாக வந்து கதவருகே காதோடு சொன்னார். "நீங்க போங்கம்மா. நான் எதாவது சொல்லிச் சமாளிச்சுக்கறேன். அஞ்சு நிமிஷத்துல மறந்துடுவார். அவருக்கு இனி எல்லாம் ஒண்ணுதான்."

பூங்கோதை அவரைத் தாண்டித் திரும்பி வந்தாள். நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தாள்.

"போகலைங்கய்யா," என்றாள். "ஒரு தடவைகூடப் போகலை."

"அட. யாரு கண்ணு மாத்துனது?"

"நான்தான் ஐயா."